ஓடு சரிஞ்ச வீடு... உள்ளே ஆள் இருக்கா, இல்லையா? வாசலிலேயே தெரியும் அடையாளங்கள்

கிராமத்துப் பக்கம் பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போது இப்படி ஒரு வீட்டைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பாதி ஓடு சரிந்திருக்கும். சுவரில் மண் உதிர்ந்து உள்ளே இருக்கும் கல் தெரியும். திண்ணையில் ஒரு தூண் சாய்ந்திருக்கும். ‘பாவம், யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று நினைத்துக்கொண்டே கடந்துவிடுவோம்.

ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பாட்டி மதியச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருக்கலாம்.

வெளியிலிருந்து பார்த்து ‘ஆள் இல்லாத வீடு’ என்று முடிவு செய்வது நமக்குச் சின்ன விஷயம். கணக்கெடுக்க வருபவரோ, வாக்காளர் படிவம் கொடுக்க வருபவரோ, மழைக்கு முன் எச்சரிக்கை சொல்ல வருபவரோ அதே முடிவை எடுத்தால், உள்ளே இருப்பவரின் ஓட்டும் உதவித்தொகையும் சில நேரம் உயிருமே கேள்விக்குறியாகிவிடும்.

ஆள் இருக்கும் வீட்டையும் இல்லாத வீட்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எந்த அடையாளத்தை நம்பலாம், எது ஏமாற்றும்? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இது முக்கியம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் வீடுகளைப் பட்டியலிடுவார்கள். அதன்பிறகுதான் தலை எண்ணுவார்கள். முதல் கட்டத்தில் ‘காலி’ என்று எழுதிய வீட்டில் ஒருவர் இருந்தால், அவர் வசிக்கும் வீட்டின் நிலை எந்தக் கணக்கிலும் வராது.

2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 33 கோடி கட்டடங்கள் ‘வீடு’ என்ற வரையறைக்குள் பட்டியலிடப்பட்டன. அதில் சுமார் 2.47 கோடி காலி என்று பதிவானது. அந்தக் கணக்கெடுப்பில் ‘காலி’ என்பதும் ‘பூட்டியிருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. பூட்டியிருந்தாலும், அங்கே ஆட்கள் வசிக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்தால், அது ‘வசிக்கும் வீடு, பூட்டப்பட்டிருக்கிறது’ என்ற தனிப் பிரிவில் வரும். ஆள் வசிக்காமல் வைக்கோல் அடுக்கவோ ஆடு கட்டவோ பயன்படுத்தினால்கூட அது காலி வீடு கிடையாது. ‘வேறு பயன்பாட்டில் உள்ள கட்டடம்’ என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்தது வாக்காளர் பட்டியல். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் எஸ்ஐஆர் எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. டிசம்பர் 19-ம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இதில் 66 லட்சத்துக்கும் மேல் ‘இடம்பெயர்ந்தவர் அல்லது முகவரியில் இல்லாதவர்’ என்ற வகை. ஒரு வீட்டில் ஆள் இல்லை என்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் குறைந்தது 3 முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிற வீட்டுக்கு, மூன்று முறையும் பகல் 11 மணிக்கே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவாய்த் துறையினர் பலவீனமான வீடுகளில் இருப்பவர்களை முகாமுக்குப் போகச் சொல்வார்கள். ‘அது பாழடைஞ்ச வீடு சார், யாரும் இல்ல’ என்று தெருமுனையிலேயே பதில் கிடைத்துவிட்டால், அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

ஆளே இல்லாத ஊரில் ஒருவர்

தூத்துக்குடி மாவட்டம் மீனாட்சிபுரம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் பல குடும்பங்கள் இருந்த ஊர். குடிதண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. வீடுகள் பாழாகி, தெருவெல்லாம் முள் மண்டியது. ஆனால் ஒரே ஒரு முதியவர் மட்டும் ஊரை விட்டுப் போகாமல் தனியாக வாழ்ந்தார். 2024 மே மாதம் அவர் காலமான பிறகுதான் ‘கடைசி மனிதரும் போய்விட்டார்’ என்று செய்தி வந்தது.

அதுவரை அந்த ஊரை தூரத்திலிருந்து பார்த்த யாரும் ‘இங்கே ஒருத்தர் இருக்கார்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் செட்டிநாட்டு ஊர்களில் பார்க்கலாம். இந்தத் தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் மாளிகைகள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே வருஷத்தில் பல மாதம் ஆளே இருக்காது. பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, திருவிழா என்றால் மட்டும் வீடு நிறையும். மற்ற நாட்களில் கூட்டிப் பெருக்கிப் பூட்ட ஒருவர் வருவார், அவ்வளவுதான்.

தனுஷ்கோடியில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ‘வாழத் தகுதியற்ற இடம்’ என்று அரசு அறிவித்த ஊர் அது. சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் கொட்டகை போட்டுத் தொழில் செய்கின்றன.

ஆக, சுவரைப் பார்த்தால் கட்டடத்தின் வயதும் உரிமையாளரின் பணவசதியும் தெரியும். ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது.

அப்போ எதைத்தான் பார்க்கணும்?

சிம்பிளான ஒரு விதி இருக்கிறது. தினமும் அல்லது வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மனிதக் கை செய்தால்தான் நடக்கிற வேலை எது என்று தேடுங்கள். தானாக நடக்கிற எதையும் நம்பாதீர்கள்.

ஓடு தானாகச் சரியும். காரை தானாக உதிரும். ஒட்டடை ஒரே ராத்திரியில் கட்டிவிடும். ஆனால் குடம் தானாக நிரம்பாது. கோழி தானாகப் பஞ்சாரத்துக்குள் மூடிக்கொள்ளாது.

1. நடை

தெருவிலிருந்து கதவு வரை உள்ள மண்ணைப் பாருங்கள். ஒரு ஆள் தினமும் நடந்தால் போதும், ஒற்றையடித் தடம் விழுந்துவிடும். அங்கே புல் முளைக்காது. வாசற்படி ஓரத்தில் எருக்கும் ஆமணக்கும் நெஞ்சு உயரம் வளர்ந்திருந்தால் அந்த வாசலில் ரொம்ப நாளாக யாரும் நடக்கவில்லை என்று அர்த்தம். ‘வீட்டுல எருக்கு முளைக்க’ என்று அந்தக் காலத்தில் சாபம் விட்டது சும்மா இல்லை.

ஆனால் முன்வாசலோடு நின்றுவிடக் கூடாது. முன்பக்கம் இடிந்துபோன பல வீடுகளில் புழக்கம் முழுக்கக் கொல்லைப்புறம் வழியாகத்தான் இருக்கும். தடம் பின்னால் ஓடும்.

2. கூரை

தென்னங்கீற்றுக் கூரையை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். அடுப்புப் புகை ஏறும் கூரையில் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆள் போய், அடுப்பு அணைந்துவிட்டால் கூரை சீக்கிரம் உளுத்துப்போகும். ஓட்டு வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் ஆள் இருக்கும் வீட்டில் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். யாராவது ஏறித் தள்ளி வைப்பார்கள். ஆள் இல்லாத வீட்டில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, ரீப்பர் நனைந்து, உத்திரம் மக்கி, கடைசியில் கூரையே உட்கார்ந்துவிடும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கூரை மேல் போட்ட தார்ப்பாயும் பழைய ஃபிளெக்ஸ் பேனரும். அது பறக்காமல் இருக்கக் கல்லோ செங்கல்லோ வைத்திருப்பார்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் உள்ளே ஆள் இருப்பதற்கும், அவருக்கு ஓடு மாற்றக் காசு இல்லை என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

3. எறவானம்

கூரை இறங்கும் எறவானத்தில் கை வைக்கும் உயரத்தில் என்ன சொருகியிருக்கிறது என்று பாருங்கள். அரிவாள், பல் குச்சி, சீப்பு, மருந்துச் சீட்டு வைத்த பிளாஸ்டிக் பை என்று நிறைய இருக்கும். அடிக்கடி எடுத்து வைக்கிற பொருளில் தூசு படியாது.

கொங்குப் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. போகி அன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்து எறவானத்தில் காப்புக் கட்டுவார்கள். இந்த வருஷக் காப்பு இருந்தால், தை பிறக்கும்போது யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். உருக்குலைந்த பழைய காப்பு மட்டும் தொங்கினால், கடைசியாக வந்து ஒரு பொங்கலுக்கு மேல் ஆகிவிட்டது.

4. கரண்ட் மீட்டர்

எலெக்ட்ரானிக் மீட்டரில் பயன்பாட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு, உள்ளே மின்சாரம் ஓடினால்தான் விட்டுவிட்டு மின்னும். மின்னினால் உள்ளே ஃபேனோ லைட்டோ ஓடுகிறது. மின்னாவிட்டால்? ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான்.

‘கரண்ட் பில்லே வரல, அப்போ யாரும் இல்ல’ என்ற கணக்கும் தப்பு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் மட்டும் போடும் பாட்டிக்கு பில் பூஜ்யமாகத்தான் வரும்.

5. தண்ணீர், துணி, விறகு

கொடியில் துணி, வாசலில் குடம், சுவரோரம் அடுக்கிய சுள்ளி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். விறகின் வெட்டுமுனை வெளுத்துப் புதிதாக இருக்கிறதா, கறுத்துக் கரையான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஈரமும் சாம்பலும் இருந்தால் அன்றைக்குச் சமைத்திருக்கிறார்கள்.

6. ஆடு, கோழி, நாய்

கோழி இருந்தால் சாயங்காலம் அடைக்க ஆள் வர வேண்டும். ஆட்டுக்குத் தழை போட வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் காலி வீட்டைக் கொட்டிலாகப் பயன்படுத்தவும் வாய்ப்புண்டு. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏமாற்றும் அடையாளங்கள்

*கோலம் இல்லை:* கோலம் இருந்தால் ஆள் இருக்கிறார், சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. துக்கம் நடந்த வீட்டில் கோலம் போட மாட்டார்கள். இஸ்லாமிய வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை. குனிய முடியாத வயதில் இருப்பவரும் போட மாட்டார்.

*வெளிப்பூட்டு:* பூட்டு தொங்கினால் வீடு காலி என்று அர்த்தமில்லை. காட்டு வேலைக்கோ, நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் வேலைக்கோ போயிருக்கலாம். சாவித் துவாரத்தைப் பாருங்கள். அடிக்கடி திறக்கும் பூட்டில் துவாரத்தைச் சுற்றித் தேய்ந்து பளபளப்பாக இருக்கும். துவாரத்துக்குள்ளேயே துரு ஏறியிருந்தால் அது வேறு கதை.

*மாதக்கணக்கில் பூட்டிய வீடு:* செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் சில மாதம் கழித்துத்தான் வருவார்கள். அவர்கள் ஊரைக் காலி செய்தவர்கள் அல்ல, பிழைக்கப் போனவர்கள்.

*வௌவால், புறா:* நான்கு அறை உள்ள பழைய வீட்டில் மூன்று அறை இடிந்து, கடைசி அறையில் மட்டும் ஒருவர் இருப்பது ரொம்பச் சாதாரணம். முன் அறையில் வௌவால் இருந்தாலும் பின் அறையில் மனிதர் இருக்கலாம்.

*யாருமே ரிப்பேர் செய்யல:* நிறைய வீடுகளில் இதற்குக் காரணம் பாகப்பிரிவினை. ‘நான் ஓடு மாத்துனா அண்ணன் பங்குக்கும் சேர்த்து நானே செலவு பண்ணணுமா?’ என்ற கேள்வியிலேயே பல வீடுகள் விழுந்திருக்கின்றன. அங்கே வசிக்கிறவருக்கு ரிப்பேர் செய்ய மனசு இருந்தாலும் பங்காளிகள் சம்மதம் இருக்காது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஆள் இருக்கிறார் என்று சொல்ல ஒரே ஒரு அடையாளம் போதும். ஆள் இல்லை என்று சொல்ல பத்து அடையாளம்கூடப் போதாது. இரண்டும் சம எடை உள்ள முடிவுகள் இல்லை. சந்தேகம் வந்தால் ‘இருக்கிறார்’ என்று வைத்துக்கொண்டு விசாரிப்பதுதான் சரி.

ஜப்பானில் எப்படிச் செய்கிறார்கள்?

காலி வீடுகளை எண்ணுவதை ஒரு பெரிய வேலையாகவே செய்யும் நாடு ஜப்பான். அங்கே இந்த வீடுகளுக்கு ‘அகியா’ என்று பெயர். 2023 கணக்குப்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம்.

வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, மின்மீட்டர் ஓடுகிறதா, பெயர்ப் பலகை இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். சட்டப்படி ஒரு வீட்டைக் காலி என்று கருத, சுமார் ஒரு வருஷம் முழுக்கப் பயன்பாடு இல்லை என்பது ஓர் அளவுகோல். ஆள் வந்துபோவது, தண்ணீர், மின்சாரப் பயன்பாடு எல்லாவற்றையும் வைத்துத்தான் அதை முடிவு செய்வார்கள்.

நம் நாட்டிலும் மொத்த ஊர்களே காலியாவது நடக்கிறது. உத்தராகண்ட் மாநில இடம்பெயர்வு ஆணையம் 2018-ல் கொடுத்த அறிக்கையில், 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளில்லாமல் போனதாகச் சொன்னது.

விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கு

அக்கம்பக்கத்தில் ‘அந்த வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?’ என்று கேட்டால், ‘யாரும் இல்லப்பா, அந்தக் கிழவி மட்டும்தான்’ என்று பதில் வரும். கேட்பவர் முதல் இரண்டு வார்த்தையோடு நகர்ந்துவிட்டால் கிழவி கணக்கில் வர மாட்டார். பையன், மருமகள் என்று குடும்பமாக இருந்தால்தான் ‘ஆள் இருக்கு’ என்று சொல்வது ஊர் வழக்கம். தனியாக இருக்கும் முதியவர் இப்படிப் பேச்சிலேயே விடுபட்டுப்போகிறார்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

- ராத்திரி லைட் எரியுமா?
- சாவி யார்கிட்ட இருக்கு?
- கடைசியா யாரு, எப்ப வந்தாங்க?
- ரேஷன் யாரு வாங்குறாங்க?

கடைசிக் கேள்விக்கு ரேஷன் கடை ஊழியரிடமே பதில் இருக்கும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. அந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

போகும் நேரமும் முக்கியம். காலை 10 முதல் மாலை 4 வரை கிராமத்தில் பாதி வீடு பூட்டித்தான் இருக்கும். காலை 7 மணிக்கு முன்னாலோ, பொழுது சாய்ந்த பிறகோ போனால் உண்மை நிலவரம் தெரியும். ‘வீட்டுல யாருங்க?’ என்று ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. காது கேட்காதவராக இருக்கலாம், எழுந்து வர நேரம் ஆகலாம். கொல்லைப்பக்கமும் போய் ஒரு குரல் கொடுங்கள்.

காலின்னு நினைச்சு உள்ளே போகலாமா?

‘பேய் வீடு’ வீடியோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு. பாழடைந்த வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 329-வது பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றிச் சொல்கிறது. குற்றம் செய்யவோ, இருப்பவரை மிரட்டவோ, தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு அடுத்தவர் வசிக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஊறிய மண்சுவர் மழை விட்ட பிறகும் சரியும். மக்கிய உத்திரம் ஆள் ஏறினால் தாங்காது. உள்ளே பாம்பும் இருக்கலாம்.

‘12 வருஷம் பூட்டிக் கிடந்தா வீடு போயிடும்’ என்று ஒரு பயமும் உண்டு. பூட்டிக் கிடப்பதால் மட்டும் உரிமை போகாது. வேறொருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்து வந்து, அதை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அந்தப் பேச்சே வரும்.

திடீரென்று அடையாளம் நின்றால்?

இதைத் தெரிந்துகொள்வதில் பெரிய பயன் இங்கேதான். தனியாக ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த வீட்டில் இரண்டு நாளாக வாசல் தெளிக்கவில்லை, பகலிலும் லைட் எரிகிறது, கட்டிய ஆடு கத்திக்கொண்டே இருக்கிறது, வெளியே பூட்டும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.

மழைக்காலத்தில் சுவரில் புதிதாக வெடிப்பு, சாய்வு தெரிந்தால் விஏஓ அல்லது கிராம உதவியாளரிடம் ‘இந்த வீட்டில் ஆள் இருக்கிறார்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. முதியவர்களுக்கான உதவி எண் 14567. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6 கொடுத்து மீண்டும் சேர்க்கலாம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். கணக்கெடுக்க வருபவர் புதியவர். அவருக்கு இடிந்த சுவர்தான் தெரியும். உள்ளே யார் இருக்கிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர் தாண்டிப் போகும்போது ‘சார், அந்த வீட்டுலயும் ஆள் இருக்காங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.